உப்புக் காற்றும் மொட்டை மாடியும்: ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்த மறுநாள், ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே இரண்டு பேராவது செல்போனில் சீலிங் படத்தோடு வாசலில் நிற்பார்கள். தங்கச்சிமடம், பாம்பன், பெரியபட்டினம், கீழக்கரை, தேவிபட்டினம் என்று ஊர்தான் மாறும். கேள்வி மாறாது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். கொத்தனார்களிடம் கேட்டுக் கற்றது பாதி, என் வீட்டில் கெட்டுக் கற்றது பாதி.

"மாடி வேலைய எப்பண்ணே பாக்கணும்? ஐப்பசிக்கு ஒரு வாரம் முன்னாடி ஆரம்பிச்சாப் போதும்ல?"

போதாது. நம் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடுகிறது என்பதால் எல்லோரும் மழையைத்தான் கணக்கில் வைக்கிறார்கள். கூரை கெட்டுப்போவது அதற்கு முன்னால். வைகாசியில் தொடங்கி ஆவணி தாண்டியும் அடிக்கிற கச்சான் என்ற தென்மேற்குக் காற்று, தென்கடல் அலையை உடைத்து உப்புத் தூவானமாக நம் வீட்டின் மேல் தெளிக்கிறது. அந்த நாலைந்து மாதம் செய்து வைத்த வேலையைத்தான் மழை வந்து காட்டிக்கொடுக்கிறது.

ஆகவே என் கணக்கு இப்படி. தை மாதம், ஓதம் காய்வதற்குள், ஒழுகின இடத்தையெல்லாம் சீலிங்கில் பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். பங்குனியில் கொத்தனார் வந்து "எங்கங்க ஒழுகுச்சு?" என்று கேட்கும்போது கறை காய்ந்து, வீட்டில் ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள். கொத்துகிற வேலை, கம்பி வேலை, வெடிப்பு அடைப்பது எல்லாம் பங்குனி, சித்திரையில், தளம் எலும்பு வரை காய்ந்திருக்கும்போது முடிய வேண்டும். ஆடிக் காற்றில் ஓட்டின் மேலோ சீட்டின் மேலோ யாரையும் ஏற்றாதீர்கள். புரட்டாசியில் காற்று தணிந்ததும் கூட்டுவது, குழாய் பார்ப்பது, ஸ்க்ரூ முடுக்குவது. ஐப்பசியில் செய்ய வேண்டிய வேலை என்று எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

"எங்க வீடு கரையிலருந்து முக்கால் கிலோமீட்டர். அங்க எப்படி உப்பு வரும்?"

வரும். வைகாசி மாதத்தில் ஜன்னல் கண்ணாடியை ஒரு வாரம் துடைக்காமல் விட்டு, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கரையை விட்டுத் தள்ளிப் போகப் போக உப்பு குறையும் என்பது உண்மைதான். ஆனால் ராமேஸ்வரம் தீவில் ஒரு கடலை விட்டுத் தள்ளிப் போனால் இன்னொரு கடல் வந்துவிடுகிறது. கச்சானில் தெற்கும் மேற்கும் பார்த்த சுவர்கள் அடி வாங்கும். வாடைக் காற்றில் வடக்கும் கிழக்கும்.

துருவைச் சோதித்துப் பார்க்கவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் மண்டபத்தில் ஓர் இடம் வைத்திருக்கிறது. இரும்பு எவ்வளவு சீக்கிரம் கெடும் என்று பார்க்க இதைவிட வசதியான ஊர் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

இன்னொன்று. உப்பு தண்ணீரை இழுக்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்புச் சாடி நீர் விட்டுக்கொள்வது போல, சுவரிலும் தளத்திலும் ஏறின உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். மழையே இல்லாத நாளில் காலையில் சுவர் நனைந்த மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"அப்ப மாடியக் கழுவி விட்டா உப்பு போயிருமா? போர்த் தண்ணி நிறைய இருக்கு."

போர்த் தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்தால் சரி. கடலோரத்துப் போர்களில் பாதி கரிக்கும். அந்தத் தண்ணீரில் மாடியைக் கழுவினால் கச்சான் நாலு மாதத்தில் செய்வதை நீங்களே குழாய் போட்டு ஒரு மணி நேரத்தில் செய்கிறீர்கள். முதலில் தண்ணீர் விடாமல், தென்னை விளக்குமாற்றால் நன்றாகக் கூட்டுங்கள். மண்ணும் காக்கை எச்சமும் போனாலே பாதி வேலை. மேல்தளத்தைக் கழுவுகிற பொறுப்பை மழைக்கே விடலாம், தண்ணீர் போகும் வழி திறந்திருந்தால்.

மழை படாத இடங்கள்தான் விஷயம். கிரில்லின் உள்பக்கம், தகர சீட்டின் அடி, கேட்டின் மேல் போட்ட ஷெட்டின் இரும்புக் குழாய். மழையில் நனையாததால் பாதுகாப்பாக இருப்பதாக நினைக்கிறோம். அங்கே படிந்த உப்பை எதுவும் கழுவுவதில்லை, அதனால் அவைதான் முதலில் துருவேறுகின்றன. புரட்டாசியில் ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஒரு துணியும் போதும்.

"தண்ணி போறதுக்கு ஒரு ஓட்டை இருக்குண்ணே. ஒண்ணு பத்தாதா?"

2024 நவம்பர் 20 அன்று பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19 சென்டிமீட்டர் பெய்தது. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 930 லிட்டர். அப்படியானால் அந்த மூன்று மணி நேரத்தில் பாம்பனில் ஒரு சாதாரண வீட்டு மாடியிலிருந்து இறங்க வேண்டியிருந்தது பதினேழாயிரம் லிட்டருக்கு மேல். ஒரு இரண்டங்குல ஓட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நானூறு, நானூற்றைம்பது சதுர அடிக்கு ஒரு நாலங்குலக் குழாய் என்று வையுங்கள். அதோடு கைப்பிடிச் சுவரில், தளத்திலிருந்து இரண்டங்குலம் உயரத்தில், வெளியே துருத்திக்கொண்டு ஒரு குழாய்த் துண்டு வைத்துவிடுங்கள். கீழே உள்ளது அடைத்துக்கொண்டால் மேலே உள்ளது ஊற்றும். ஊற்றுகிற சத்தத்திலேயே அடைப்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஓர் அங்குலம் தண்ணீர் தேங்கினால் அதே ஆயிரம் சதுர அடியில் இரண்டேகால் டன்னுக்கு மேல் கனம். பழைய தளத்துக்கு அது சும்மா இல்லை.

குழாய் வாயில் தட்டையான சல்லடை வைக்காதீர்கள். ஒரு பனையோலைக் கீற்று வந்து படுத்தால் மூடிக்கொள்ளும். கூண்டு மாதிரி மேலெழும்பியதை வையுங்கள். போன வருடம் ஒருவர் "குழாய் அடைச்சிருக்கு, ஆசிட் குடுங்க" என்று வந்தார். போய்ப் பார்த்தால் உள்ளே ரப்பர் பந்து. பேரன் ஒப்புக்கொள்ளவே இல்லை.

"மாடில மூலைல மட்டும் தண்ணி நிக்குது. வாட்டம் சரியில்லன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

நிற்பதே அத்தாட்சி. மழை விட்டு ஒரு நாள் கழித்தும் நிற்கிற இடத்தைச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போடுங்கள். காய்ந்த பிறகு ரசமட்டம் வைத்துப் பார்த்து, அந்தப் பள்ளத்தை மட்டும் நீர்ப்புகாக் கலவை சேர்த்த சாந்தால் நிரப்பலாம். பள்ளம் விரற்கடைக்கு மேல் என்றால் மொத்த மாடிக்கும் வாட்டம் மாற்றிப் போடுவதே சிக்கனம்.

"சீலிங்ல காரை பொரிஞ்சு விழுது. மேல வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிச்சா நின்னுருமா?"

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். அதிகம் பணம் வீணாவதும் இதில்தான். சீலிங்கில் இரண்டு வியாதி வரும், இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். ஒன்று ஒழுக்கு. மற்றது கம்பித் துரு.

ஒழுக்கு என்றால் மழை பெய்த அன்றோ மறுநாளோ கறை தெரியும், ஓரம் வட்டமாகப் பரவியிருக்கும், வெயிலில் காயும். கம்பித் துரு என்றால் கறை நேர்கோட்டில் ஓடும், ஏனென்றால் கம்பி நேர்கோட்டில் ஓடுகிறது. செம்பழுப்பு நிறம். விளக்குமாற்றுக் கட்டையால் தட்டினால் நல்ல இடத்தில் "டக்" என்றும் கெட்ட இடத்தில் பானையைத் தட்டின மாதிரியும் கேட்கும். சித்திரையில், மழை வாசமே இல்லாத நாளில், நடுச்சாமத்தில் கட்டி கட்டியாக விழுந்தால் அது துருதான். இரும்பு துருவாக மாறும்போது முன்னிருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். கான்கிரீட்டுக்கு நெகிழத் தெரியாது, உடைகிறது.

முதல் வியாதிக்குக் கோட்டிங் மருந்து. இரண்டாவதற்கு மேலே எத்தனை டப்பா அடித்தாலும் உள்ளே போய்விட்ட உப்பு வெளியே வராது, ஈரம் அடிப்பக்கக் காற்றிலிருந்தும் கிடைத்துக்கொண்டே இருக்கும். பொரிந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கத்திலும் விரல் நுழையும் அளவுக்குக் கான்கிரீட்டை நீக்கி, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சாந்து வைக்க வேண்டும். சாதாரண சிமெண்ட் சாந்தை வைத்து மூடி வெள்ளையடித்துப் போவது மூன்று மழைக்குத் தாங்காது. கம்பி மெலிந்து பென்சில் முனைபோல் ஆகியிருந்தால் கொத்தனார் வேண்டாம், கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

"தளம் நல்லாருக்கு. சன்ஷேடு மட்டும் உதிருது. ஏன்?"

மெல்லிசு, மூன்று பக்கமும் காற்று, அடிப்பக்கம் மழையில் கழுவப்படுவதே இல்லை (மூன்றாவது பதிலைப் பாருங்கள்). கம்பி இருக்க வேண்டியது மேல்பக்கம். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து மிதித்து அது கீழே இறங்கிவிடுகிறது. அதோடு நுனியில் நீர் சொட்டும் பள்ளக்கோடு இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் நுனியைத் தாண்டி அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவர் வரை வரும்.

என் வீட்டுத் தெற்குச் சன்ஷேடு 2016 ஆனியில் விழுந்தது. இரண்டு வருடமாக அதன் அடியில் மயிரிழைபோல ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. தினமும் பல் துலக்கும்போது அதைப் பார்ப்பேன். ஊருக்கெல்லாம் துருத்தடுப்பான் விற்கிறவன், என் வீட்டுக்கு "அடுத்த பங்குனியில்" என்று தள்ளினேன். விழுந்த துண்டைத் தூக்கிப் பார்த்தபோது எட்டு மில்லிமீட்டர் கம்பி, வேர்க்கடலைத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்தது. கீழே வழக்கமாகக் கட்டிலைப் போட்டுப் படுக்கிற என் மாமியார் அன்றைக்கு உச்சிப்புளிக்குப் போயிருந்தார். அவர் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

"தட்டோடு பதிக்கிறதா, கோட்டிங் அடிக்கிறதா? எது நல்லது?"

இரண்டும் வேறு வேலை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்றங்குலம் போட்டு, கட்டையால் அடித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் தெளித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது வெயிலையும் மழையையும் சேர்த்துத் தாங்கும். ஒழுங்காகப் போட்டால் இருபது வருடம் பேசாமல் கிடக்கும். இப்போது கடுக்காய் வாங்க யாரும் வருவதில்லை. சுண்ணாம்பு ஜல்லி அடிக்கத் தெரிந்த ஆட்களும் குறைந்துவிட்டார்கள். ஜல்லிக்குக் கடலோரப் பழைய வீடு இடித்த செங்கலை உடைத்துப் போட மட்டும் சம்மதிக்காதீர்கள், உப்பைத் தலையில் சுமந்த கதை. தட்டோட்டின் பலவீனம் இணைப்புகள். அங்கே பூச்சு விட்டுப்போனதா என்று வருடம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கோட்டிங் தோல் மாதிரி. வெடிப்புகளை முதலில் அடைத்து, மேலே வலைத்துணி வைத்து, இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. நாலைந்து வருடம் உழைத்தால் அதற்குக் கொடுத்த காசு சரி. "பத்து வருட கேரண்டி" என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். கத்திரி வெயிலில் பகல் பதினொன்றுக்கு அடித்தால் மேல் தோல் உடனே காய்ந்து அடியில் காற்றுக் கொப்புளம் வரும். காலையில் சீக்கிரமோ, வெயில் தாழ்ந்த பிறகோ அடியுங்கள். பழைய தட்டோட்டின் மேலேயே இன்னொரு அடுக்கு ஜல்லி போடுவது வேண்டாம். சதுர அடிக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் கூடும்.

"மாடியும் கைப்பிடிச் சுவரும் சேர்ற எடத்துல சுத்தி வெடிச்சிருக்கே?"

எல்லா வீட்டிலும் இருக்கும். தளம் பகலில் நீண்டு இரவில் சுருங்குகிறது, சுவர் அதே அளவு நகர்வதில்லை. சாந்து வைத்து அடைத்தால் அடுத்த கத்திரியில் அதே கோட்டில் திறக்கும். வெடிப்பை வி வடிவில் கீறி, நெகிழும் தன்மையுள்ள பசையால் நிரப்பி, மூலையைச் சாந்தால் உருட்டிச் சரிவாக்கி, அதன் மேல் கோட்டிங்கைச் சுவரில் ஓரடி உயரம் வரை ஏற்றுங்கள். அந்த வெடிப்பில் காக்கை புண்ணியத்தில் அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே கிள்ளிப் பயனில்லை, வேரோடு எடுக்க வேண்டும்.

"வெள்ளை அடிச்சா சூடு கொறையுமாண்ணே, இல்ல விளம்பரமா?"

குறையும். வீட்டுக்குள் இரண்டு மூன்று டிகிரி தெரியும், மின்விசிறிக் காற்று அனலாக வராது. தளம் குறைவாகச் சுடுவதால் முந்தின பதிலில் சொன்ன நீளல் சுருங்கலும் குறையும், அதனால் வெடிப்பும். காசு இல்லாதவர்கள் நீற்றின சுண்ணாம்பை வடிகட்டி, ஒட்டும் பசை கொஞ்சம் சேர்த்து, மாலையில் இரண்டு கை அடித்தால் ஒரு கோடைக்கு ஆகும். கரைக்க நல்ல தண்ணீர். பங்குனிக் கடைசியில் அடியுங்கள்.

"மாடில கருவாடு காயப் போடுறோம். அதுக்கும் ஒழுக்குக்கும் சம்பந்தம் இருக்கா?"

கேட்டவர் ஏர்வாடிப் பக்கத்து அக்கா. ஒழுக்குக்கு இல்லை, துருவுக்கு உண்டு. உப்பு போட்ட மீனிலிருந்து வடிகிற நீர் சுத்தமான உப்புக் கரைசல். அது தினமும் ஒரே இடத்தில் இறங்கினால் கச்சான் காற்றெல்லாம் ஒன்றுமே இல்லை. பிழைப்பை விடச் சொல்லவில்லை. மாடியில் தார்ப்பாய் விரித்து அதன் மேல் பரண் போட்டுக் காயவையுங்கள், வடிநீர் தார்ப்பாயின் ஓரமாக ஒரு வாளியில் விழட்டும். நனைந்த வலையும் அப்படித்தான். முண்டு மிளகாய் எவ்வளவு வேண்டுமானாலும் காயட்டும், தளத்துக்கு ஒன்றும் செய்யாது, தும்மல்தான்.

"ஓட்டு வீடு. வருசா வருசம் நாலு ஓடு காணாமப் போகுது."

காற்று ஓட்டைத் தள்ளுவதில்லை, தூக்குகிறது. அதனால் முகட்டிலும் நாலு மூலையிலும் இறவாணத்திலும்தான் போகும். அந்த வரிசைகளை மட்டுமாவது துருப்பிடிக்காத கம்பியால் ரீப்பரோடு (ஓடு உட்காருகிற மரச் சட்டம்) கட்டுங்கள். மோட்டு ஓட்டின் சாந்து விட்டிருந்தால் பெயர்த்துவிட்டுப் புதிதாக வையுங்கள். மேலே மேலே பூசுவது கனம்தான். சீமை ஓட்டில் ஒவ்வொரு கம்பெனி அச்சும் வேறு, ஒன்றோடொன்று அமராது. எங்காவது பழைய வீடு பிரித்தால் உங்கள் அச்சு ஓட்டில் ஐம்பது வாங்கி மாட்டுக் கொட்டகையில் அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரீப்பரில் அடித்த இரும்பு ஆணி ஓட்டுக்கு முன்னால் செத்திருக்கும். பிரித்து மேயும்போது துத்தநாக முலாம் பூசின ஆணிக்கு மாறுங்கள். மயில் ஏறிக் கலைக்கிற ஓட்டுக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை.

"ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுல ஓட்டை. மேல ஏறி எம்சீல் வைக்கலாமா?"

சீட்டின் மேல் கால் வைக்காதீர்கள். பழைய சீட் சொல்லாமல் உடையும். பலகையைக் குறுக்காக, இரண்டு கைமரத்தின் மேல் படும்படி போட்டு அதன் மேல்தான் தவழ வேண்டும். கூடுமானால் உள்ளிருந்தே, அடிப்பக்கமாக ஒட்டுங்கள்.

பாசியைச் சுரண்டுவது, உலர்ந்த சீட்டை அறுப்பது, துளை போடுவது, அழுத்தத் தண்ணீர் அடிப்பது இவை எதுவும் வேண்டாம். அதில் வரும் தூசு நுரையீரலில் தங்குகிற ஜாதி, பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தவிர்க்க முடியாமல் துளை போட்டே ஆக வேண்டுமென்றால் நன்றாக நனைத்துவிட்டு, கையால் சுற்றுகிற துரப்பணத்தால் மெதுவாக. உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் போடாதீர்கள், கோழிக்கூட்டுக்கு மூடியாகவும் வேண்டாம். சீட் மாற்றுகிற வயது வந்துவிட்டால், ஒட்டுப் போடுகிற காசைச் சேர்த்து வைத்து மாற்றிவிடுங்கள் என்பதே என் கட்சி.

"கலர் சீட் போட்டு மூணு வருசம்தான் ஆச்சு, ஸ்க்ரூ எடமெல்லாம் துரு."

சீட்டு நல்ல சீட்டாக இருக்கும். ஸ்க்ரூவில் மிச்சம் பிடித்திருப்பார்கள். துரு தொடங்குவது இரண்டு இடத்தில்: ஸ்க்ரூத் தலை, வெட்டின ஓரம். மிஷினில் வெட்டியபோது பறந்த இரும்புத் தூள் சீட்டின் மேல் கிடந்தாலே ஒரு மழைக்குள் புள்ளி புள்ளியாகத் துரு விழும், அன்றைக்கே கூட்டிவிட வேண்டும். ஸ்க்ரூ சீட்டின் மேட்டில் இருக்கட்டும், பள்ளத்தில் இருந்தால் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும். ரப்பர் வாஷர் வெயிலில் வறண்டு வெடிக்கும். வருடம் ஒருமுறை புரட்டாசியில் வாஷர் பார்த்து மாற்றி, முடுக்கி, வெட்டோரத்தில் பெயிண்ட் தொட்டு வைத்தால் மூன்று வருடம் ஆறாகும்.

"பனை ஓலைக் கொட்டகைக்கு இந்தக் காலத்துல என்ன பராமரிப்பு?"

உப்புக்குப் பயப்படாத ஒரே கூரை அதுதான். தென்னங்கிடுகு ஒரு வருடம், பனை ஓலை இரண்டு மூன்று வருடம். பழைய வலையை மேலே போர்த்தி நாலு பக்கமும் முளையடித்துக் கட்டுவது நல்ல பழக்கம். ஆனால் நைலான் வலை வெயிலில் இற்றுப்போகும்; கச்சானுக்கு முன் இழுத்துப் பாருங்கள். மின்கம்பி ஓலையில் உரசாமல் பைப்புக்குள் போகட்டும்.

"பாம்பன்ல கூண்டு ஏத்திட்டாங்க. இப்ப மாடிக்கு என்ன செய்யணும்?"

புயல் எச்சரிக்கைக் கூண்டு எண் சிறியதாக இருக்கும்போதே செய்யுங்கள். குழாய் வாயைத் திறந்து வையுங்கள். பூந்தொட்டி, பழைய தகரம், மிச்சப்பட்ட ஓடு எல்லாம் கீழே இறங்கட்டும். காற்றில் அவை உங்கள் வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டைத்தான் தேடிப் போகும். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வையுங்கள். ஆயிரம் லிட்டர் நிறைந்திருந்தால் ஒரு டன், காலியாக இருந்தால் பலூன். சீட் கூரையில் கல் வைப்பதற்குப் பதில், இரண்டு மணல் மூட்டையைக் கயிற்றில் பிணைத்து முகட்டுக்கு இரு பக்கமும் தொங்கவிடுங்கள். காற்று வருகிற பக்கத்துக் கதவு ஜன்னலை அடையுங்கள். உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தள்ளும், வெளிக் காற்று மேலிருந்து இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் எதுவும் நிற்காது. தனுஷ்கோடிக்குப் போனால் பாருங்கள், 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலுக்குப் பிறகு தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. கூரை இல்லை.

நடுவில் திடீரென்று காற்று நின்றால் புயல் போய்விட்டது என்று மாடி ஏறாதீர்கள். கண் கடக்கும்போது அப்படித்தான் இருக்கும், பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்து அடிக்கும்.

"தாத்தா காலத்து வீடு, கடல் கல்லு சுவரு, சுண்ணாம்பு மாடி. சிமெண்ட் பூசி பலப்படுத்தலாமா?"

கேட்டவர் கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர். வேண்டாம் காக்கா. பவளக்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி விடுகிற ஜோடி. மேலே சிமெண்டால் வாயை அடைத்தால் ஈரம் உள்ளே தங்கி மரக்கட்டைகளை அரிக்கும். சுண்ணாம்பு வீட்டுக்குச் சுண்ணாம்பு வேலைதான். கல் விழுந்திருந்தால் புதிதாகப் பவளக்கல் தேடாதீர்கள், கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். இடித்த வீட்டுப் பழைய கல்லோ செங்கல்லோ வைத்துக்கொள்ளலாம்.

"சோலார் வைக்கச் சொல்லி வர்றாங்க. தளத்துல துளை போடுறாங்களே?"

போடவிடாதீர்கள். கான்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்தி, கட்டையின் கனம் போதுமா என்று நம் கடற்கரைக் காற்றுக்குக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பேனலைத் தாங்குகிற சட்டம், போல்ட் எல்லாம் துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும், பெயிண்ட் அடித்ததாக அல்ல. கோட்டிங் வேலை பாக்கி இருந்தால் பேனல் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

"புதுசா மேல ஒரு மாடி எடுக்கிறோம். இந்தத் தொல்லையே வராம இருக்க கொத்தனார்ட்ட என்ன கேக்கணும்?"

மூன்று விஷயம். முதலில் தண்ணீர். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நாக்கில் கரித்தாலே சோதிக்காமல் தொடாதீர்கள். கலப்பதற்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு, நனைக்கும்போது போர்த் தண்ணீரை அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது குளித்துவிட்டுச் சேற்றில் புரளுவது.

இரண்டாவது கலவை. கடலோரக் காற்றுக்கு அதே விதி எம் 30 என்ற வலிமைத் தரத்துக் கான்கிரீட்டும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடாக்கும் (கம்பியை மூடி நிற்கிற கான்கிரீட்டின் கனம்) கேட்கிறது. கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊர்களுக்குப் பழகின எம் 20 இங்கே பத்தாது. மூன்றாவது, அந்த மூடாக்கு நிஜமாகவே இருக்கிறதா என்பது. கம்பியைத் தூக்கி நிறுத்துகிற கவர் பிளாக் என்ற சின்னக் கட்டைக்குப் பதில், அடியில் ஒரு ஜல்லியைத் திணிப்பார்கள். ஆள் மிதித்ததும் ஜல்லி நழுவி, கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும். சென்ட்ரிங் பிரித்ததும் அண்ணாந்து பாருங்கள். சீலிங்கில் கம்பியின் கோடு தெரிந்தால், பத்து வருடம் கழித்து எந்த இடம் பொரியும் என்று இப்போதே பென்சிலால் வட்டம் போட்டுவிடலாம். கான்கிரீட் கொட்டுகிற அன்று காலை ஒரு மணி நேரம் லீவு போட்டுவிட்டு, குனிந்து ஒவ்வொரு கம்பிக்கு அடியிலும் பாருங்கள்.

"போன வருசம் சரியா கொத்தி, நீங்க சொன்ன மாதிரியே ஒட்டுப் போட்டோம். இப்ப அதுக்கு ஒரு அடி பக்கத்துல புதுசா வெடிக்குது. கொத்தனார் ஏமாத்திட்டாரா?"

அநேகமாக இல்லை. துரு என்பது ஒரு சின்ன பேட்டரி. ஒரே கம்பியில் ஓரிடம் கரையும்போது, அதற்குப் பக்கத்துப் பகுதி அது கரைகிற புண்ணியத்தில் தப்பித்துக்கொண்டிருக்கும். கரைந்த இடத்தைச் சுத்தம் செய்து உப்பில்லாத புதுச் சாந்து வைத்ததும் அந்த இடம் பத்திரமாகிவிடுகிறது. பழைய உப்பு கிடக்கிற பக்கத்து இடம் கரைகிற முறைக்கு வருகிறது. அதனால்தான் ஒட்டின் விளிம்பை ஒட்டியே வெடிக்கும்.

கொத்தும்போது பொரிந்த இடத்தோடு நிறுத்தாமல், தட்டிப் பார்த்துச் சத்தம் மாறுகிற இடத்தையும் தாண்டி, கம்பி பளிச்சென்று தெரிகிற வரை போயிருந்தால் தள்ளிப்போயிருக்கும். துத்தநாகக் கட்டிகள் விற்கிறார்கள், ஒட்டின் ஓரத்தில் கம்பியோடு கட்டிப் புதைத்தால் கம்பிக்குப் பதில் அது கரையும். கப்பலின் அடியில் வைப்பதும் இதே தத்துவம். விலை கூடுதல்; ஒரே அறையில் பிரச்சினை என்றால் வாங்கலாம். வீடு முழுக்க, அறைக்கு அறை, தட்டுகிற இடமெல்லாம் பானைச் சத்தம் கேட்டால் கட்டியும் வேண்டாம், ஒட்டும் வேண்டாம். அன்றே கட்டிலை அந்த அறையிலிருந்து வெளியே எடுத்துப் போடுங்கள். பொறியாளரை அழைத்து, தளத்தைப் பிரித்துப் புதிதாகப் போட என்ன ஆகும் என்று கேளுங்கள்.